அளவெடுத்துத் தைத்த சூரியகாந்தி

பாத்தியில் ஒரு முளைகூட இல்லை. மாமனாரோ, நாளைக் காலையில் வீடியோவில் முளையைப் பார்த்தே தீருவேன் என்று போனில் சொல்லி வைத்துவிட்டார்.

"நல்லாப் பாருங்க. அந்த மூலையில ஏதோ பச்சையா தெரியுதே," என்றாள் மனைவி.

டெய்லர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். "அது என் சட்டையிலேருந்து விழுந்த நூல்."

"எடுத்து வெளியே போடுங்க."

"இருக்கட்டும் விடு. இந்தப் பாத்தியில பச்சையா இருக்கிறது அது ஒண்ணுதான்."

அவருக்குத் தையல் தொழில். மாமனார் அவரை டெய்லர் என்றுதான் கூப்பிடுவார். வாங்க டெய்லர், உக்காருங்க டெய்லர், டீ சாப்பிடறீங்களா டெய்லர். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அது கடைக்காரரிடம் காட்டுகிற மரியாதை. பேச்சு முடிந்ததும், 'சரி, எப்ப ரெடியாகும்?' என்று கேட்டுவிடுவாரோ என்று டெய்லருக்கு ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கும்.

எப்படிக் கூப்பிட்டால் என்ன, கூப்பிடுகிறாரே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மாமனார் உங்களை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவராக இருந்தால் தாராளமாகக் கேட்கலாம். கல்யாணத்துக்கு அரைமனதாகத் தலையாட்டியவர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்பா வாயால் அதைக் கேட்காமல் மகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கு இறங்காதபோது இவருக்கு மட்டும் எப்படி இறங்கும்?

மாமனார் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "நான் ஊரை அளந்தவன். அவர் இடுப்பை அளக்கிறவர்," என்று மகளிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு உலகம் என்றால் வீட்டு முன்னாலிருக்கும் பூப்பாத்திதான். குளிர் விட்டு வெயில் முகம் காட்டியதும் மண்ணைக் கொத்துவார், கல் பொறுக்குவார், எரு கலப்பார், போன வருஷப் பூவிலிருந்து தானே எடுத்துவைத்த சூரியகாந்தி விதையை ஊன்றுவார். பிறகு பூத்து முடியும்வரை கேட்டைத் தாண்ட மாட்டார்.

இந்த வருஷம் மண்ணைப் பக்குவம் பண்ணி முடித்த நேரத்தில் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது. வெளியூரில், மகன் வீட்டில் தங்க வேண்டும். ஒரு கண் முடிந்து, அது ஆறி, பிறகு அடுத்த கண். தள்ளிப்போடவும் முடியாது. பாதி உலகம் அவருக்கு ஏற்கனவே புகையாகத் தெரிந்துகொண்டிருந்தது.

மகளையும் மருமகனையும் வீட்டைப் பார்த்துக்கொள்ள வரச்சொன்னார். கிளம்புகிற அன்று, சமையலறை அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து டெய்லர் கையில் வைத்தார்.

"டெய்லர், இது என் கையால எடுத்த விதை. கடையில கிடைக்காது. பார்த்துக்குங்க."

அந்த வீட்டில் அவர் டெய்லரை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அதுதான். டெய்லர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மனைவி பக்கத்தில் நின்று கண்ணால் ஜாடை காட்டினாள். இந்தப் பூ பூக்கட்டும், அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வருகிறதா இல்லையா பாருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

வாசலில் கார் நின்றது. மாமியார் மட்டும் பின்தங்கி, டெய்லரிடம் வந்தார். அந்த அம்மாளுக்கு முதல் நாளிலிருந்தே இவர் மாப்பிள்ளைதான்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மாசத்துல என்னை எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்ல மாப்பிள்ளை. ஒரு தடவை கடலைக் காட்டுங்கன்னா, பாத்திக்கு யார் தண்ணி ஊத்துறதுன்னு கேட்பார். கடைசியில பாருங்க, ஆஸ்பத்திரியைக் காட்டக் கூட்டிட்டுப் போறார்."

"கண்ணு நல்லாகட்டும் அத்தை. அப்புறம் போகலாம்."

மாமியார் அந்தத் துணிப்பையையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "முளைக்கலைன்னா முளைக்கலை. நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. உங்க மேல ஒரு தப்பும் கிடையாது."

விதையை ஊன்றுவதற்கு முன்பே ஆறுதலா என்று டெய்லருக்குச் சுருக்கென்றது. அத்தைக்கும் நம்மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வேகத்தில்தான் விதை ஊன்றினார். சட்டைக்குப் பட்டன் வைப்பதற்கு எப்படி அடையாளம் வைப்பாரோ அப்படி. இஞ்ச் டேப்பைப் பாத்தியின் நீளத்துக்குப் போட்டு, மார்க்கிங் சாக்கால் மண்ணில் புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு விதை. பையைப் பிரித்தபோது நல்ல வாசனை வந்தது. சமையலறை அலமாரியில் இருந்த பை, எந்த டப்பாவின் வாசனையோ ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் அந்தத் தெருவிலிருக்கும் குருவி மொத்தமும் பாத்தியில். இத்தனை ஆசையாக விதை தின்னும் குருவிகளை அவர் பார்த்ததே இல்லை. ஓடிப்போய்க் கையைத் தட்டினார். அவை பக்கத்து மதில்மேல் ஏறி உட்கார்ந்து, இவர் எப்போது உள்ளே போவார் என்று காத்திருந்தன.

"வலை போடுங்க," என்றாள் மனைவி.

வலை இல்லை. லைனிங் துணி இருந்தது. நான்கு பக்கமும் மடித்து அடித்து, பாத்தியின் அளவுக்குக் கச்சிதமாக ஒரு உறை தைத்துப் போட்டார். குருவி நின்றது. ஆனால் உறைக்குள் எறும்பு புகுந்தது. கோடு கோடாக வந்து மீதி விதைகளையும் தூக்கிக்கொண்டு போனது. உறையை எடுத்தார். குருவி வந்தது. கைப்பிடி விதை பையில் மிச்சம் வைத்திருந்தார், அதை ஆழமாக ஊன்றினார். ஆழமாக ஊன்றியது ஆழத்திலேயே இருந்துவிட்டது.

மனைவி பள்ளியில் அறிவியல் டீச்சர். செடி வளர்த்துப் பழக்கமில்லை என்றாலும் பாடம் எடுத்துப் பழக்கம் உண்டு.

"விதை முளைக்க மூணு விஷயம் வேணுங்க. ஈரம், காத்து, வெப்பம். ஈரம் இருக்கு, காத்து இருக்கு. வெப்பம் பத்தலைன்னு தோணுது."

"அப்படியா?"

"ஆமா. இந்த விதைக்குச் சூடு போதலை."

டெய்லர் தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினார். மண் குழைந்து, பிறகு காய்ந்து, மேலே ஓடு மாதிரி இறுகிப்போனது. அதைக் கிளறியதில் கடைசி விதையும் எங்கே போனதென்று தெரியவில்லை. மாமனார் வீட்டுப் பாத்தி இப்போது தாழ்வாரத் தரைபோலச் சுத்தமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் நாளைக் காலையில் வீடியோ.

"உண்மையைச் சொல்லிடலாமா?" என்றார் டெய்லர்.

மனைவியின் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் டெய்லர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். தெரிந்த வேலை ஒன்றுதானே.

பச்சை லைனிங் துணியில் இரட்டை இலை வெட்டினார். உள்ளே காலருக்கு வைக்கிற கேன்வாஸ் கொடுத்தார், விறைப்பாக நிற்பதற்கு. நடுவில் ஓட்டுத் தையலில் ஒரு நரம்பு. தண்டுக்குப் பழைய குடைக்கம்பி. முதல் முளையைத் தைத்து முடித்ததும் எட்ட வைத்துப் பார்த்தார். மாமனாருக்கு ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணில் புகை. போன் திரையோ உள்ளங்கை அகலம். போதும் என்று தோன்றியது.

மறுநாள் காலை வரிசை பிசகாமல் நட்டு வைத்துவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்தார்.

"முளைச்சிருக்கா?" என்றது மாமனாரின் குரல்.

"பாருங்க மாமா."

திரையில் அவர் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. டெய்லர் போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"பரவாயில்லையே டெய்லர்," என்றார் மாமனார். "எல்லாம் ஒரே உயரமா வந்திருக்கே."

ஒரே பேட்டர்னில் வெட்டினால் ஒரே உயரமாகத்தான் வரும்.

"குடுங்க, நான் பார்க்கிறேன்," என்று மாமியார் போனை வாங்கினார். பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது டெய்லருக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"மாப்பிள்ளை, இது... நான் கட்டி வச்ச, அதாவது, அந்தப் பையில இருந்த விதையா?"

"அதேதான் அத்தை."

"முளைச்சிருச்சா?"

"முளைச்சிருச்சு அத்தை."

மாமியார் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அத்தைக்குக் கண் நல்ல கண், கண்டுபிடித்துவிட்டார் என்று டெய்லர் நினைத்தார். "உங்கம்மா பார்த்த பார்வை சரியில்ல," என்றார் மனைவியிடம்.

"அம்மா அப்படித்தான். அப்பா சிரிச்சார், பார்த்தீங்களா? உங்களைப் பார்த்து அப்பா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

அத்தோடு முடிந்திருந்தால் கதையும் முடிந்திருக்கும். ஆனால் பூப்பாத்தி வைத்தவருக்கு ஒரு தடவை பார்த்தால் மனது ஆறுமா? வாரா வாரம் வீடியோ கேட்டார். வாரா வாரம் செடி வளர்ந்தாக வேண்டும். முதல் கண் ஆறினாலும், கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடி அவருக்கு இன்னும் கொடுக்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல். கடையில் வாடிக்கையாளர் துணியெல்லாம் மூட்டையாகக் கிடக்க, டெய்லர் செடிகளுக்கு ஆல்ட்டரேஷன் செய்துகொண்டிருந்தார். தண்டில் துண்டு கொடுத்து நீட்டினார், இலையில் தையலைப் பிரித்து அகலமாக்கினார், புதிதாக இரண்டு இலை சேர்த்தார். கசங்கிய இலைகளை மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"இலை நரம்பு நல்லா எடுப்பா இருக்கு," என்றார் மாமனார் அடுத்த தடவை.

"இரட்டைத் தையல்... இரட்டைச் சத்து மாமா. எரு ரெண்டு மடங்கு."

"தண்ணி ஊத்துங்க, பார்க்கலாம். நீங்க எப்படி ஊத்துறீங்கன்னு நான் பார்க்கணும்."

டெய்லர் திருதிருவென்று முழித்தார். மனைவி குடத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வேறு வழியில்லாமல் ஊற்றினார். சாயம் போகாது என்று எத்தனையோ பேருக்கு உத்தரவாதம் கொடுத்த துணி அது. போனது. பாத்தி முழுக்கப் பச்சைத் தண்ணீர் ஓடி, வாசல் படிவரை வந்தது.

"தண்ணி ஏன் பச்சையா தெரியுது?"

"அது... உரம் மாமா."

"பச்சையா உரமா? என்ன உரம்?"

"இலையை அரைச்சுக் கரைச்சது," என்று மனைவி குறுக்கே புகுந்தாள். "எங்க ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கிறோம்பா."

மாமனார் யோசித்தார். "நல்ல யோசனை. நான் இத்தனை வருஷமா பண்ணலை பாரேன்." பிறகு அந்தப் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் கண்ணில் கட்டோடு இருந்த யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "நம்ம வீட்ல டெய்லர் ஒருத்தர் இருக்கார் சார். பச்சை உரம் கரைச்சு ஊத்துறார்."

நம்ம வீட்ல என்ற வார்த்தையை மனைவி அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வெளுத்துப்போன செடிகளுக்கு டெய்லர் வேறு துணி வாங்கிவந்து மறுபடி முதலிலிருந்து தைத்தார்.

அடுத்த வாரம்தான் தொல்லை முற்றியது.

"டெய்லர், செடி நெருக்கமா இருக்கு. ஒண்ணு விட்டு ஒண்ணு பிடுங்கிடணும். அந்த ஓரத்துச் செடியைப் பிடுங்குங்க, வேர் எப்படி இறங்கியிருக்குன்னு பார்க்கலாம்."

டெய்லருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பாவம் மாமா, விட்டுடலாம்."

"பூச்செடிக்குப் பாவம் பார்த்தா பூ சிறுத்துடும். பிடுங்குங்க."

பிடுங்கினார். குடைக்கம்பி சர்ரென்று வெளியே வந்து வெயிலில் பளபளத்தது.

"வேர் எங்கே?" என்றார் மாமனார்.

மனைவி சட்டென்று போனை அணைத்தாள். "நெட்வொர்க் போயிடுச்சு," என்று அணைத்த போனிடமே சொன்னாள். இருவரும் அந்த இடத்திலேயே, ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இனிமே வேரோட தைக்கணும்," என்றார் டெய்லர்.

சொன்னபடியே தைத்தார். வெள்ளை நூலைப் பிரித்து, நுனியில் முடிச்சுப் போட்டு, மண்ணில் புரட்டி எடுத்து, கம்பியில் கட்டினார். மறுநாள் வீடியோவில் அதைப் பிடுங்கிக் காட்டியபோது, மாமனார், "ஆகா, சல்லி வேர்," என்று உருகிப்போனார். மாமியார் மட்டும் பின்னாலிருந்து, "வேருமா விட்டிருக்கு?" என்று கேட்ட குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஒவ்வொரு பொய்யும் அடுத்த பொய்க்கு அளவெடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. மொட்டு விட்டுவிட்டதா என்று மாமனார் கேட்க, டெய்லர் கோட்டுப் பட்டனுக்கு மஞ்சள் துணி சுற்றி மொட்டு வைத்தார். கடையில் ஒருவர் தன் கோட்டுக்கு ஏன் பட்டன் இல்லை என்று கேட்டபோது, "பூத்ததும் தர்றேன்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாமனாரிடமிருந்து போன். வீடியோ இல்லை, வெறும் குரல். அந்தக் குரலில் இளமை வந்திருந்தது.

"ரெண்டாவது கண்ணும் கட்டு அவிழ்த்தாச்சு. எல்லாம் துல்லியமா தெரியுது டெய்லர். இங்கேருந்து எதிர்வீட்டுச் சுவத்துல எறும்பு போறது தெரியுது. ஞாயித்துக்கிழமை கிளம்பி வர்றோம். என் பாத்தியை நேர்ல பார்க்கணும்."

எறும்பு தெரிகிறவருக்கு ஓட்டுத் தையல் தெரியாதா?

சனிக்கிழமை காலை முதல் ஆளாக இருவரும் நர்சரி வாசலில் நின்றார்கள். நர்சரிக்காரர் குட்டைரகச் சூரியகாந்தியைத் தொட்டி தொட்டியாக வைத்திருந்தார். சிலதில் மொட்டு, சிலதில் பூவே விரிந்திருந்தது. டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து ஒவ்வொரு செடியாக அளக்க ஆரம்பித்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"இந்த உயரம்தான் வேணும். ஒரு விரல்கூடக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வாசல் பக்கம் நிக்கிற செடிக்கு இடதுபக்கம் ஒரு இலை கம்மியா இருக்கணும்."

வீடியோவில் பார்த்தது பார்த்தபடி இருக்க வேண்டும் அல்லவா?

நர்சரிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். "செடிக்குச் சட்டை தைக்கப்போறாரா?" என்று கேட்டார்.

"தைச்சு முடிச்சாச்சுங்க," என்றாள் அவள். "அதான் இப்ப செடி வாங்க வந்திருக்கோம்."

அன்று பகல் முழுக்கத் துணிச்செடிகளைப் பிடுங்கி, நிஜச்செடிகளை நட்டார்கள். புள்ளி பிசகாமல் டேப் பிடித்து, தொட்டியிலிருந்து மண்கட்டி உடையாமல் இறக்கி, சுற்றி அழுத்தி, தண்ணீர் விட்டு. டெய்லரின் நகக்கண் எல்லாம் மண். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பூக்கள் காற்றில் தாமாகவே அசைந்தன. எத்தனை நாளாக ஊசி குத்தியும் வராத அசைவு. அவருக்கு அது பிடித்துப்போனது. மாமனாருக்காக இல்லாமலேயே, சும்மா ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். கேட்டைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

பாத்தி நெடுக மஞ்சளாக நின்றது.

மாமனார் பாத்திக்குப் பக்கத்தில் வந்தார். மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். தண்டை விரலால் தடவினார். மூலைச்செடிக்குக் கீழே மண்ணைச் சுரண்டினார். சுரண்டிய விரலில் ஏதோ சிக்க, இழுத்தார். வெள்ளை நூல் ஒன்று நீளமாக வந்தது. நுனியில் முடிச்சு.

"இது என்ன?"

வேர் என்று சொல்ல வாய் வரையில் வந்ததை டெய்லர் விழுங்கினார். சொல்லிவிடலாம், எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"நூல்பா," என்றாள் மனைவி. "வரிசை கோணாம இருக்க நூல் பிடிச்சு நட்டார்."

மாமனார் நூலைப் பார்த்தார். பாத்தியின் ஒரு கோடியில் போய்க் கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்தார். முதல் செடி மட்டும்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொண்டன. அவ்வளவு நேர்.

எழுந்தபோது அவர் கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. "இத்தனை வருஷம் சர்வே பண்ணினேன். எனக்குக் கீழ டேப் பிடிச்சவன் ஒருத்தனும் இப்படி ஒரு நேர்கோடு போட்டதில்ல." கன்னத்து மண்ணைத் தட்டிவிட்டார். "நானும் டேப் பிடிச்சுச் சாப்பிட்டவன்தான். நீங்களும் டேப் பிடிச்சுச் சாப்பிடறவர்தான். இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். கண்ணு மறைச்சிருச்சு."

மாமனார் அந்த நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. வெயில்ல நிக்காதீங்க."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போனாள். அழத்தான். டெய்லருக்கும் கண் மங்கியது. கறுப்புக் கண்ணாடி கிடைத்தால் மாட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு மாதமாக நெஞ்சில் குத்தியிருந்த ஊசியை யாரோ உருவி எடுத்த மாதிரி உடம்பு லேசாகிவிட்டது.

மாமனார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அறிவித்தார். "இனிமே பாத்திக்கு மாப்பிள்ளை இருக்கார். எனக்குக் கவலை விட்டுது. அடுத்த வருஷம் இந்த மாசத்துல உங்கம்மாவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மாமியார் இதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் இறங்கிய இடத்திலேயே பெட்டியைப் போட்டுவிட்டு, பூக்களையும் டெய்லரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு பூவின் இதழைக் கிள்ளிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு, "மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் இப்படி வாங்க," என்று சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

தீர்ந்தது என்று டெய்லர் நினைத்தார். கிடைத்த பட்டம் கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஆனாலும், இந்த அம்மாளிடம் மறைக்க அவருக்கு மனது வரவில்லை.

"அத்தை, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடறேன்."

"இருங்க மாப்பிள்ளை. முதல்ல நான் சொல்லிடறேன். இத்தனை நாளா எனக்குத் தூக்கமே இல்ல." மாமியார் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இந்த வருஷம் பாத்தி சும்மா கிடந்தா, மனுஷர் சலிச்சுப்போய் என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவார்னு கணக்குப் போட்டேன். ஆபரேஷன் வரும், நீங்க வந்து மாட்டிப்பீங்கன்னு நான் கண்டேனா? சொல்லவும் முடியாம, மெல்லவும் முடியாம தவிச்சேன். கடைசியில உங்க கைராசியால ரெண்டுமே நடந்துடுச்சு, பூவும் பூத்தாச்சு, கடலும் உண்டுன்னு ஆயாச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியலை."

"என்ன அத்தை?"

மாமியார் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிய வாணலியைக் காட்டினார்.

"அதுல போட்டுச் செவக்கச் செவக்க வறுத்துக் கட்டி வச்ச விதை, எப்படி மாப்பிள்ளை முளைச்சுது?"